வாயைத் திற, சிங்காரி

புகையிலைத் தோட்டத்து வேலியோரம் மேயும் வெள்ளாடு சிங்காரிக்கு, வேலிக்கு வெளியே நீளும் புகையிலையில் ஓர் இலை கடித்தால் போதும், தலை கிறுகிறுத்து ஆட்டம் வந்துவிடும். கொஞ்ச நாளாகக் கன்னத்துக்குள் ஏதோ சொரசொரத்தது. யாரிடமும் சொல்லவில்லை.

முதுகில் உண்ணி பொறுக்கும் மைனா கேட்டாள்: "ஒரு பக்கமாவே மெல்லுறியே, வாயைத் திறடி, பார்க்கிறேன்."

"ஏதாச்சும் இருந்துட்டா?"

"நான் பார்க்காட்டியும் அது இருக்கும்டி!"

சிங்காரி கண்ணை இறுக மூடிக்கொண்டு வாயைத் திறந்தாள்.

"வெள்ளையா ஒரு திட்டு. சின்னதுதான். புகையிலையை இன்னையோட விட்டுடு. மாசாமாசம் நான் பார்த்துக்கிறேன்."

சிங்காரி அகத்திக்கீரைக்கு மாறினாள். ஒருநாள் மைனா, சிங்காரியின் வாய்க்குள் தலையை விட்டபடியே கத்தினாள்: "திட்டைக் காணோம்டி!"

சிங்காரி துள்ளிய துள்ளலில் மைனா வேலிக்கு அப்பால் போய் விழுந்தாள்.

"ஐயோ, அடுத்த மாசம் யாரு பார்ப்பா?" என்று பதறி வேலியைத் தாண்டினாள் சிங்காரி, திறந்த வாயை மூடாமலே.