டெடி கட்

மெஷின் வயிற்றுப் பக்கம் போனதும் ஜில்லு மேசையோடு ஒட்டிப் படுத்துக்கொண்டு உறுமியது.

முதுகு முடிந்திருந்தது. காதும் முடிந்திருந்தது. முகத்து முடியை உருண்டையாகக் கத்தரித்துக் கரடிப் பொம்மை மாதிரி ஆக்கியிருந்தார் பஷீர். குனியமுத்தூரில் நாய்களுக்கு முடி வெட்டும் கடை அவருடையது. சுவரில் ஒட்டியிருந்த படங்களில் லயன் கட், சம்மர் கட் எல்லாம் பார்த்துவிட்டு, டெடி கட் போதும் என்று சொன்னது அன்புமணிதான்.

போகிற இடத்தில் பார்த்ததும் பிடித்துப்போகட்டும் என்று நினைத்தாள்.

ஜில்லு பாதி ஷிட்சு, பாதி நாட்டு நாய். மடியில் அடங்குகிற உடம்பு. பால்காரரைப் பார்த்தால்கூட மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டும் சுபாவம். ஆனால் கொஞ்ச நாளாக அது வேறு நாய். சோபாவுக்கு அடியில் போய்ச் சுருண்டால் வெளியே வருவதில்லை. தூக்கப்போன அன்புமணியின் கையிலேயே பல்லைப் பதித்துவிட்டது.

"இனி இது ஊட்டுக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டார் அவள் கணவர் பாலுசாமி. வெள்ளகோவிலில் ஒரு தோட்டத்துக்காரரிடம் பேசியும் முடித்துவிட்டார். இன்று சாயங்காலம் கொண்டுபோய் விட வேண்டும்.

முடி சடை பிடித்துத் தோலை இழுப்பதால்தான் கடிக்கிறதோ என்று அன்புமணிக்கு ஒரு நப்பாசை. வெட்டிவிட்டால் பழைய ஜில்லு திரும்பிவிடும், அவர் மனசும் மாறிவிடும். போர்வையை மேலே போட்டு, அப்படியே சுருட்டி ஆட்டோவில் தூக்கி வந்திருந்தாள்.

கடிக்காமலிருக்க மாட்டும் வாய்க்கட்டைப் பஷீர் கையில் எடுத்தார். அன்புமணி வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, ஜில்லுவின் தலையைத் தன் தோளோடு அணைத்துக்கொண்டாள்.

கடித்தால் கடிக்கட்டும்.

கடிக்கவில்லை. நடுங்கியது.

மெஷினை வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்த பஷீர், வயிற்றுச் சடைக்குள் விரலை விட்டார். விட்டவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அக்கா, இங்க கை வச்சுப் பாருங்க. மெதுவாங்க்கா."

அன்புமணி வைத்தாள். வெதுவெதுப்பு. ஜில்லுவின் இதயம் அடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது.

அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு துடிப்பு. மிகச் சின்னது. ஒன்றையொன்று துரத்துகிற மாதிரி அத்தனை வேகம்.

பஷீர் சீப்பின் முனையால் முடியை விலக்கினார்.

உள்ளே ஓர் அணில் குட்டி.

கண் இன்னும் திறக்கவில்லை. சுண்டுவிரல் அளவுதான் இருக்கும். முதுகில் கோடுகள் இருக்கின்றனவா இல்லையா என்பதுபோல் மங்கலாகத் தெரிந்தன. சடைக்குள் நகங்களை மாட்டிக்கொண்டு, ஜில்லுவின் காம்பைக் கவ்வியபடி தொங்கிக்கொண்டிருந்தது.

அதன் வாயோரத்தில் பால்.

ஒரு முறைகூடக் குட்டி போடாத நாய். அன்புமணிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அப்படிச் சில நாய்களுக்குச் சுரக்கும் என்று கேள்விப்பட்டதுண்டு, கண்ணால் பார்த்ததில்லை என்றார் பஷீர். யாரோ தூங்குகிற அறையில் பேசுவதுபோல் ரகசியக் குரலில் சொன்னார்.

அதற்குள் குட்டியின் பிடி நழுவியது. பொத்தென்று மேசையில் விழுந்தது.

அன்புமணி பதறிக் கை நீட்டுவதற்கு முன்பே ஜில்லு திரும்பி வாயைத் திறந்துவிட்டது. வரிசைப் பற்கள் முழுசாகத் தெரிந்தன. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சத்தமே இல்லை.

மெல்லக் கண்ணைத் திறந்து பார்த்தாள். ஜில்லு குட்டியை உதட்டால் மட்டும் கவ்வித் தன் வயிற்றருகே கொண்டுபோய் வைத்தது. மூக்கால் ஒரு தள்ளு தள்ளியது. குட்டி தடவித் தடவிக் காம்பைக் கண்டுபிடித்ததும், பெருமூச்சு விட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது.

சோபாவுக்கு அடியில் ஒளிந்தது, தூக்கவிடாமல் கடித்தது, எல்லாம் இதற்குத்தானா?

ஃபோன் அடித்தது. பாலுசாமி.

"வெட்டியாச்சா அம்மணி? வெளிச்சத்துலயே போய் உட்டுப்போட்டு வந்தர்லாம்."

"பச்சை ஒடம்புக்காரிய எங்கீங்க கொண்டுபோய் உடறது?"

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவள் மேற்கொண்டு பேசாமல் வீடியோவுக்கு மாற்றி, ஃபோனை ஜில்லுவின் வயிற்றருகே பிடித்தாள்.

திரையில் பாலுசாமியின் முகம் நெருங்கி வந்தது. பிறகு அசையவே இல்லை. சிக்னல் நின்றுவிட்டதோ என்று அன்புமணி திரையை உற்றுப் பார்த்தாள்.

"அன்னைக்கு, கார் நிறுத்தறதுக்கு வேப்பமரத்த வெட்டுனமல்ல" என்றார் கடைசியில். குரல் இறங்கியிருந்தது. "கூடு கீழ உழுந்துருச்சு. தாயி, குட்டி எல்லாமே செத்துப்போச்சுன்னு வெட்டுனவங்க சொன்னாங்க. நீ வருத்தப்படுவீன்னு நான் வாயே தொறக்கல."

அவர் திரையை விட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார்.

"ஜில்லு அந்தக் கொப்புக்குள்ளயே பூந்து பூந்து மோந்துட்டு இருந்துது அம்மணி. நாந்தான் குச்சிய எடுத்து அடிச்சுத் தொரத்துனேன்."

பஷீர் மெஷினின் வயரைப் பிடுங்கிச் சுருட்டினார்.

ஃபோனிலிருந்து வந்த குரலை ஜில்லு அடையாளம் கண்டுகொண்டது. குட்டி அசங்காதபடி, வாலின் நுனியை மட்டும் ஆட்டியது.