முகமில்லாத பன்னிரண்டு படங்கள்

படத்தில் முகம் இருக்கவேண்டிய இடத்தில் விரலை வைத்ததும் பேராச்சி தலையைக் குனிந்துகொண்டாள். நாற்பது வருஷ அவமானம் அது என்று ஷ்ருதிக்குத் தோன்றியது. கைப்பேசியில் பதிவைத் தொடங்கினாள்.

ஷ்ருதி மும்பையில் வசதியான தமிழர்கள் வாழும் மாட்டுங்காவைச் சேர்ந்தவள். நவீன ஓவியங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். மறைந்த ஓவியர் பத்ரிநாராயணனின் பன்னிரண்டு கரித்துண்டுப் படங்கள் அடுத்த மாதம் காட்சிக்கு வருகின்றன. காட்சிப் புத்தகத்துக்குக் கட்டுரை அவளுடையது. வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது.

பன்னிரண்டிலும் ஒரே பெண், துணியில்லாத உடம்பு. தோள், முதுகு, காய்ப்பேறிய பாதம் எல்லாம் அவ்வளவு நுணுக்கம். முகம் மட்டும் இல்லை. அந்த இடத்தில் வெறும் கரித் தேய்ப்பு. அந்தப் படங்களால்தான் அவர் பேர் வாங்கினார். அதன் பிறகு சாகும்வரை முகமில்லாத உருவங்களையே வரைந்தார்.

உழைக்கிற பெண்ணின் உடம்பு வேண்டும், அவள் யாரென்று தெரிய வேண்டாம். எங்கள் மாட்டுங்கா வீடுகளின் கண் அப்படித்தான் பார்த்துப் பழகியது என்று ஷ்ருதி எழுதியிருந்தாள். அந்தப் பெண் இன்னும் தாராவியில் இருக்கிறாள் என்பது போன வாரம்தான் தெரியவந்தது. தேடி வந்தபோது பேராச்சி ஒரு ரெடிமேட் பட்டறை வாசலில் உட்கார்ந்து, சட்டைகளில் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

ஷ்ருதி கட்டுரையை நிதானமாகப் படித்துக் காட்டினாள். பேராச்சி கத்தரியைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்தாள்.

"உங்க முகத்தையே எடுத்துண்டுட்டாரேன்னு கோபம் வரலையா ஆன்ட்டி?" என்றாள் ஷ்ருதி.

படம் வரைந்தபோது தனக்கு முப்பது வயது என்று பேராச்சி ஆரம்பித்தாள். ஸாருடைய ஸ்டுடியோவைக் கூட்டிப் பெருக்கும் வேலை என்றுதான் வீட்டில் சொல்லியிருந்தாள். சாவியும் அவளிடமே இருக்கும். படத்துக்கு உட்கார்ந்த காசில்தான் மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போனார்கள். ஒரு நாள் ஸார், படங்களைக் காட்சிக்கு வைக்கப்போகிறேன், பேப்பரிலும் போடுவார்கள் என்று சந்தோஷமாகச் சொன்னாராம்.

அவள் கணவர் அய்யாத்துரைக்குத் தோல் பட்டறையில் வேலை. டீக்கடைப் பேப்பரில் படம் ஒன்று விடாமல் பார்ப்பவர். அவர் போன ஆடியில்தான் தவறிப்போனார், இனிமேல் சொன்னால் குற்றமில்லை என்றாள் பேராச்சி.

"ஸாரு மேல பழி போட்டு எழுதாதிங்கம்மா. அவுக என் மூஞ்சிய பரோபரா, அச்சு அசலா வரைஞ்சிருந்தாவ, மூக்குத்தி மொதக்கொண்டு. மறுநாக் காலையில அவுக வாரதுக்கு முன்ன போயி, முந்தானையால தொடச்சது நாந்தான்."

வந்து பார்த்தவர் என்ன செய்தார் என்று ஷ்ருதி மெல்லக் கேட்டாள்.

பேராச்சி அடுத்த சட்டையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

"ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே நின்னாவ. பொறவு பன்னெண்டுலயும் கையெழுத்துப் போட்டுட்டாவ."