வாசலில் ஓர் ஏச்சு

“ஏண்டி ஜீவராணி, இன்னும் எந்திரிக்கலையா மூதேவி? ஊரே மலைக்கு வேலைக்குப் போயாச்சு, ஒனக்கு மட்டும் மகாராணித் தூக்கமா?”

விடிந்தும் விடியாத நேரம். ராமச்சந்திரன் கங்காணி, தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவுக்கு முன்னால் நின்று, தடியால் கதவைத் தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்துக் காம்பராக்களில் தலைகள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போயின.

பாதையில் நின்ற ஸ்டெபானிக்கு உடம்பு கூசியது. யட்டியாந்தோட்டைக்கு மேலே இருக்கும் அந்த ரப்பர் தோட்டத்தில் தொழிலாளர் நலன் பார்க்கும் அலுவலர் அவள். எல்லோருக்கும் வெல்பெயார் மிஸ். இந்தக் கூத்து தினமும் நடக்கிறது என்பது அவளுக்கு எப்போதோ தெரியும். கங்காணி ஏசுவது தோட்டத்தில் என்ன புதினம் என்று, காது கேளாதவள் மாதிரிக் கடந்து போயிருக்கிறாள்.

ஆனால் போன வாரம் கொழும்பில் ஒரு பயிற்சி. வேலை செய்யும் இடத்தில் மனநலம் பேணுவது எப்படி என்று, குளிரூட்டிய மண்டபத்தில் நல்ல சாப்பாட்டோடு சொல்லிக் கொடுத்தார்கள். மனம் சுகமில்லாதவரை ஏசுவதும் அடிப்பதும் ஒன்றுதான் என்று ஒரு டாக்டர் சொன்னபோது, அவள் கண்ணில் ஜீவராணியின் கதவுதான் வந்து நின்றது.

ஜீவராணி பால்வெட்டுக்காரி. பிள்ளை செத்துப் பிறந்த பிறகு மனம் குலைந்து, கொழும்பு ஆஸ்பத்திரியில் சில மாதம் இருந்துவிட்டு வந்தவள். வேலை தேடிப் போன புருஷன் அப்படியே போய்விட்டான். லயத்தில் பாதிப் பேருக்கு அவள் ‘பிஸ்ஸு’. பைத்தியம் என்பதைச் சிங்களத்தில் சொன்னால் பாவம் ஒட்டாது என்று நினைப்பு.

ரப்பர் மரத்தை வெயில் ஏறுமுன் வெட்டினால்தான் பால் ஓடும். பிந்தி வருகிறவளுக்கு அன்றைய பேர் போட மாட்டார்கள், கூலியும் கிடையாது. அடிக்கடி பேர் விழாமல் போனால் ஆளையே பதிவிலிருந்து வெட்டிவிடுவார்கள். வேலையோடு காம்பராவும் போய்விடும்.

மலையிலும் இப்படித்தான் ஏசுவாரா என்று, பக்கத்து மரங்களை வெட்டும் தெரேசம்மாவிடம் ஸ்டெபானி விசாரித்தாள்.

“மலையில ஒரு சுடுசொல்லு சொல்ல மாட்டாரு மிஸ். எல்லாம் வாசல்லதான். அவ கதவத் தொறந்துட்டா கங்காணி வாய மூடிக்குவாரு.”

லயமே கேட்கும்படி ஒரு பெண்ணின் மானத்தை வாங்குவதுதான் ஆளின் ஆசை என்று ஸ்டெபானி முடிவு கட்டினாள். இன்னும் நாலைந்து பேரிடமும் கேட்டாள். ஜீவராணியிடம் மட்டும் கேட்கவில்லை. சுகமில்லாத பெண்ணை எதற்குக் கிளறி நோகடிக்க வேண்டும் என்று விட்டுவிட்டாள்.

தோட்டத்தை நிர்வகிக்கும் துரையிடம் முறைப்பாடு போனது. ஆபீசில் கங்காணி தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். சொல்ல ஏதாவது இருக்கிறதா என்று துரை கேட்டபோது, வாயைத் திறக்கப் போனவர் போலத் தெரிந்தது. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“ஏசினது உண்மைதாங்க. வேற சொல்றதுக்கு ஒண்ணும் இல்லீங்க.”

கிழவரைக் கீழ்ப்பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். முட்டி வலியோடு இனி தினமும் மேட்டை இறங்கி ஏற வேண்டும். போகிற போக்கில், அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும்படி ஸ்டெபானியிடம் சொல்லிவிட்டுப் போனார். ஏசின வாய்க்கு இப்போது என்ன அக்கறை என்று அவளுக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் அவர் தாங்கித் தாங்கி நடந்த நடை மனதை விட்டுப் போகவில்லை.

மறுநாள் விடியலில் லயம் அமைதியாக இருந்தது. ஸ்டெபானி வெகு நாளைக்குப் பிறகு நிம்மதியாகத் தேத்தண்ணி குடித்தாள். அந்த நிம்மதி அந்த வாரம்கூட நிற்கவில்லை. ஜீவராணி வேலைக்கே வருவதில்லை, இப்படியே போனால் பேரை வெட்டச் சொல்லித் துரை உத்தரவு என்று ஆபீஸ் கிளாக்கர் வந்து சொன்னார்.

ஸ்டெபானி ஓடினாள். வெயில் நன்றாக ஏறியிருந்தது. தாழிடாத கதவைத் தள்ளிக்கொண்டு போனால், ஜீவராணி பாயில் சுருண்டு கிடந்தாள். கண் மட்டும் திறந்திருந்தது. பழைய ஏச்சு இவளை உள்ளுக்குள்ளே இப்படி உடைத்துவிட்டதே, நான் நேரத்தோடு தடுத்திருந்தால் தப்பியிருப்பாளே என்று ஸ்டெபானி தன்னையே நொந்துகொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“முந்தியே நான் கேட்டிருக்கணும் ஜீவராணி. என் மேலதான் பிழை. இனிமே ஒன் வாசல்ல ஒருத்தரும் சத்தம் போட மாட்டாங்க.”

“கங்காணி ஐயா வரவே மாட்டாரா மிஸ்?”

“வரமாட்டாரு. நீ பயப்படாத.”

ஜீவராணியின் கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட அவள் கை எழவில்லை.

“ஆஸ்பத்திரி மாத்திரை போட்டா விடியக்காலம் கை காலு என் பேச்சக் கேக்காது மிஸ். மெதுவா எழுப்பினா அழுதுகிட்டே திரும்பப் படுத்துருவேன். தொரைக்குத் தெரிஞ்சா வேலைக்கு ஆகாதவள்னு நிப்பாட்டிருவாரு, யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு அவருகிட்ட சத்தியம் வாங்கியிருந்தேன்.”

ஸ்டெபானி பிடித்திருந்த கையை விட்டுவிட்டாள்.

“வாசல்ல வந்து நின்னு ஏசுங்கன்னு அவரு கால்ல விழுந்ததே நாந்தான்.”