கருகிய ஓரம்

"சதையைக் கருக விட்டுட்டு, மறுபடி வெட்டணும்னு எழுதியிருக்கீங்களே, மனசாட்சி வேண்டாமா?"

லேப் வாசலில் நின்று மகள் பொரிந்து தள்ளினாள். அம்மாவுக்குக் கன்னத்தின் உள்ளே ஆறாத புண். சோதனைக்காக எடுத்த துணுக்கின் ரிப்போர்ட் மகள் கையில் படபடத்தது. 'சூட்டினால் சேதம். புற்றுநோயா என்று கூற இயலாது. மீண்டும் எடுத்து அனுப்பவும்.'

"அறுத்த டாக்டர் தங்கமானவர். அவரை நம்பித்தான் அம்மா மேஜையில படுத்தாங்க. நீங்கதான் கெடுத்தீங்க!"

லேப் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருஷமாக ஸ்லைடு போடுகிறவள் அவள். துணுக்கு வந்தபோதே ஓரம் கருகித்தான் இருந்தது. ரத்தம் கசியக் கூடாதென்று அந்தத் தங்கம் சூட்டுக்கம்பியால் அறுத்த லட்சணம்! ஓரத்துச் செல்களெல்லாம் இழுபட்டுக் கறுத்து, பார்த்தால் புற்றுநோய் போலவே இருந்தது.

அவள் வாயைத் திறப்பதற்குள், ரிப்போர்ட் எழுதிய இளம் லேப் டாக்டர் முந்திக்கொண்டாள்.

"தப்பு எங்க பக்கம்தாம்மா. மன்னிச்சிடுங்க. இன்னொரு தடவை மட்டும் எடுத்துடலாம்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம்! இந்தச் சின்ன டாக்டருக்கு, அறுத்த பெரிய டாக்டரிடம் அவ்வளவு பயமா? அக்காவுக்குக் கேவலமாக இருந்தது.

மகள் போனதும் லேப் டாக்டர் பெரிய டாக்டருக்குப் போன் போட்டாள்.

"சார், நாளைக்கு வெறும் கத்தியால எடுங்க. சூட்டுக்கம்பியைத் தொட்டீங்க, ஆபரேஷன் தியேட்டருக்கே வந்து பிடுங்கிடுவேன்!"

அக்கா வாயைப் பிளந்தாள்.

நான்காம் நாள் ஸ்லைடு பளிச்சென்று இருந்தது. புற்றுநோய் இல்லை, சாதாரணப் புண்தான். அக்காவுக்கே குதிக்கலாம் போலிருந்தது.

ரிப்போர்ட் வாங்க வந்த மகள், பெரிய டாக்டருக்காகப் பூங்கொத்து வைத்திருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தத் தடவையாவது ஒழுங்கா செஞ்சீங்களே!" என்று ஒரு குட்டும் வைத்துவிட்டுப் போனாள்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "அவரையே அந்த மிரட்டு மிரட்டினீங்க. இந்தப் பொண்ணுகிட்ட உண்மையைச் சொல்றதுக்கு என்ன டாக்டர்?"

லேப் டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சொல்லியிருந்தா, மறுநாள் அவர் கத்தியோட வரும்போது அந்த அம்மா பயப்படாம வாயைத் திறந்திருப்பாங்களா அக்கா?"