மாத்தாவின் ஆள்

இப்போதெல்லாம் ஒரு மனுசன் அடிபட்டுக் கிடந்தால் அவன் வாயில் சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லை. படம் பிடிக்கப் பத்துப் பேர். டிராக்டர் ஷெட்டுக்கு முன்னால் அப்படித்தான் நின்றார்கள், ஆளுக்கொரு கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. தீமிதியைக்கூட இவ்வளவு பக்தியோடு எடுத்திருக்க மாட்டார்கள்.

நடுவில், செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் சக்கரத்தோடு கட்டப்பட்டுக் கிடந்தார் அதன் டிரைவர் வீரமுத்து. மனைவி ராக்கம்மா அவர் தலையை மடியில் தாங்கியிருந்தாள். எதிரில் இரும்புக் குழாயோடு ஹேமநாதன்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு சன்னாசி வந்தார். எண்பதை நெருங்கும் கிழவர். தோட்டத்தில் அவர் குரலுக்கு இன்னும் கொஞ்சம் பயம் மிச்சமிருந்தது.

"எவன்டா உங்களுக்குக் கோர்ட்டு வெச்சிக் குடுத்தான்? நீதான் மாஜிஸ்ட்ரேட்டா? கையில இருக்குற கொழாதான் சட்டமா?"

"துரோகி தாத்தா இவன். என் தம்பியப் போலீசுக்குக் காட்டிக் குடுத்தவன்."

தம்பி யோகேந்திரன் போன வாரம் பிடிபட்டான். மெத்தைக்கு அடியில் கஞ்சாப் பொட்டலங்களை அடுக்கி, அதன் மேலேயே படுத்துத் தூங்கிய மகான். விற்றவன் மேல் தோட்டத்தில் யாருக்கும் கோபம் வரவில்லை. சொன்னவன் எவன் என்பதுதான் எல்லாருக்கும் கவலை.

"இவன் யோக்கியன்னு நான் சொல்ல வரலடா," என்றார் சன்னாசி. "ஆனா காட்டிக் குடுத்தவன அடிச்சிக் கொல்லலாம்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? மாத்தா வந்தான்னா ஒங்க எல்லாரையும் அள்ளிக்கிட்டுப் போயிருவான்."

போலீசைப் பழைய வழக்கப்படி மாத்தா என்று சொல்கிற ஆள் அந்தத் தோட்டத்தில் அவர் ஒருவர்தான் பாக்கி.

"தாத்தா, இது எங்க விசயம் லா. நீங்க வீட்டுக்குப் போங்க," என்றான் ஹேமநாதனின் கூட்டாளி ஷங்கர்.

"ஒங்க விசயமா? எங்கப்பனையும் இப்படித்தான்டா கொன்னானுங்க. காட்டுல கம்யூனிஸ்ட்டு இருந்த காலம். தொரைக்கு ஆளுன்னு எவனோ ஊதிட்டான். கொண்டு போயி ரப்பர் மரத்துல கட்டிட்டானுங்க. ஒரு கேள்வி கேக்கல, ஒரு சாட்சி கேக்கல. நான் அப்ப பாலுக்கு அழுதுக்கிட்டிருந்த புள்ள."

இரண்டு கைபேசிகள் இறங்கின. குழாய் இறங்கவில்லை.

ராக்கம்மா நிமிர்ந்தாள். "பெரியப்பா, நீங்களாவது கேளுங்க. அவரு என்னா சொன்னாரு, யாருகிட்ட சொன்னாரு? அதச் சொன்னா நான் பதில் சொல்றேன். காலையிலேருந்து கேக்குறேன், ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்றான்."

"அவன் பேசுனதக் கேட்டவங்க இருக்காங்க," என்றான் ஹேமநாதன். "அதெல்லாம் ஒனக்குச் சொல்லணும்னு இல்ல."

ஷங்கர் என்னமோ சொல்ல வாயெடுத்தான். ஹேமநாதன் முறைத்ததும் மூடிக்கொண்டான்.

"மொதல்ல கட்ட அவுருங்கடா," என்று அதட்டினார் சன்னாசி. "ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. செத்தான்னா கொலக் கேசு."

"ஒத்துக்கட்டும். ஒடனே அவுக்குறேன்."

வீரமுத்து உதட்டை அசைத்தார். பல் உடைந்த வாயிலிருந்து சொல் வரவில்லை, ரத்தம்தான் வந்தது. ராக்கம்மா முந்தானையால் துடைத்தாள். துடைத்த கை அப்படியே நின்றது. பிறகு தோட்டமே கேட்கும்படி அலறினாள்.

படம் பிடித்தவர்கள் மெல்லப் பின்னால் நகர்ந்தார்கள். அதுவரை முன்வரிசைக்கு முண்டியடித்த வீரர்கள்.

அப்போது வீரமுத்துவின் சட்டைப் பைக்குள் கைபேசி அடித்தது. ஹேமநாதன் பாய்ந்து எடுத்தான். "இப்பத் தெரிஞ்சிரும். எல்லாரும் கேளுங்க," என்று ஸ்பீக்கரில் போட்டான்.

"ஹலோ, என்சிக் வீரமுத்து? சாயா டாரி கிளினிக் மாத்தா..."

ஒரு மலாய்ப் பெண்ணின் குரல். இன்றைக்கு ஏன் இன்னும் வரவில்லை என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தது.

"பாத்தீங்களாடா! மாத்தாவே கூப்புடுது!" என்றார் சன்னாசி.

ஷங்கர் ஹேமநாதனின் தோளைப் பிடித்தான். "அண்ணே... அது கிளினிக்குண்ணே. மலாய்ல மாத்தான்னா கண்ணு. கண்ணு ஆஸ்பத்திரிண்ணே."

"கண்ணுல பூ விழுந்திருச்சி அவருக்கு," என்றாள் ராக்கம்மா. அழுகை நின்றுபோய்க் குரல் கல்லாகியிருந்தது. "இன்னிக்கு ஆப்பரேஷன். ஆபீஸ்ல கணக்கு எழுதுற கிராணிக்குத் தெரிஞ்சா லோரியப் புடுங்கிருவாருன்னு ஒருத்தர்கிட்டயும் சொல்லல. ஷெட்டுக்குப் பின்னால ஒளிஞ்சி நின்னுதான் போன் பேசுவாரு. இதுக்காடா? இதுக்கா?"

குழாய் விழுந்து உருண்டது. ஹேமநாதன் மெல்லத் திரும்பிச் சன்னாசியைப் பார்த்தான். ஷங்கரும் அவரைத்தான் பார்த்தான்.

சன்னாசி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

"கண்ணாம், கிளினிக்காம்," என்று முனகியபடியே போனார். யாரும் தடுக்கவில்லை. கொஞ்ச தூரம் போனவர், திரும்பிப் பார்க்காமலே கத்தினார்:

"அவன் போன்ல பேசுனத என் காதால கேட்டுத்தான்டா ஒங்ககிட்ட சொன்னேன். மாத்தான்னா போலீசுதான்!"