ஆசிரியரின் கயிறுகள்

ஆசிரியர் அருளானந்தத்தின் மேசையில் மைப்புட்டி, தேநீர் டம்ளர், டெலிபோன் எல்லாமே சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. கடற்படையிலிருந்து பத்திரிகைக்கு வந்தவர்; தரை ஆடாது என்பதைக் கடைசிவரை நம்பவில்லை. அவருக்கு இரங்கல் எழுத உட்கார்ந்தார் உதவியாசிரியர் செண்பகராமன். ஊரில் யார் செத்தாலும் பத்து நிமிடத்தில் இருபது வரி இறக்குகிற கை, ‘கடற்படையில் பணியாற்றினார்’ என்பதோடு நின்றுவிட்டது. இருபது வருடம் எதிரே உட்கார்ந்திருந்தும் அதற்கு மேல் கேட்டதில்லை. நல்ல பத்திரிகைக்காரன்தான்!

சாமான்களை எடுத்துப்போக வந்த ஆசிரியரின் மனைவியிடம் கேட்டார். “கப்பல்ல என்னதான் நடந்துச்சு மதினி?”

“எனக்கெங்க தெரியும்? உங்ககிட்ட சொல்லியிருப்பாருன்னுல்லா நெனச்சேன்.”

“அப்போ இந்தக் கயிறெல்லாம்...”

“இதென்ன தம்பி, என் மணிக்கட்டையும் அவரு மணிக்கட்டையும் சேத்துக் கெட்டிக்கிட்டுத்தான் ஒறங்குவாரு. முப்பது வருசமா.”

“ஏன்னு கேக்கலியா?”

“கேட்டா அவுத்துருவாரோன்னு பயம்.”

மறுநாள் பத்திரிகையில் ஆசிரியரின் படத்துக்குக் கீழே அந்த ஒரு வரிதான் வந்தது. மீதி இடம் முழுக்க வெள்ளை. பார்த்ததும் செண்பகராமனைக் கூப்பிட்டுத் திட்டியிருக்க வேண்டியவர், படத்தில் இருந்தார்.