எல்லாக் கைபேசியிலும் ஒரே குரல்

நாளைக்குப் பள்ளி திறக்கிறது. தையல்கடைக்குள் பெற்றோர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். பொத்தான் வைக்காத நீலச் சட்டைகள் மேசையில் குவிந்து கிடக்க, அவற்றின்மேல் மாலை வெயில் சாய்ந்து விழுகிறது. "போன வாரமே தர்றேன்னீங்களே அண்ணே! யூனிஃபார்ம் இல்லாம அனுப்பினா வாசல்லயே நிறுத்திடுவாங்க" என்று ஒரு தாய் பொரிந்து தள்ளுகிறாள். தையல்காரர் காதில் விழாதவர்போல மெஷினை மிதிக்கிறார். அப்போது அவள் கைபேசி சிணுங்குகிறது. உடனே பக்கத்தில் நிற்பவருடையது, அப்புறம் எல்லாருடையதும். பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல்செய்தி. ஆளாளுக்குத் தட்ட, மாவட்டக் கல்வி அதிகாரியின் குரல், ஒன்றுக்கொன்று அரை வார்த்தை பிந்தி, கடை முழுக்க ஒலிக்கிறது. "யூனிஃபார்ம் தைச்சு வரலைன்னா கவலைப்படாதீங்க. இருக்கற டிரஸ்ல அனுப்புங்க. எந்தப் பிள்ளையையும் வாசல்ல நிறுத்த மாட்டோம். தையல்காரங்களையும் திட்டாதீங்க, அவங்களுக்கும் ரெண்டு கைதான்." கடையே சிரிக்கிறது. தையல்காரரின் கால் மிதியிலேயே நின்றுவிட்டது. இந்த மேசைக்கடியில் உட்கார்ந்து, சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டே பாடம் ஒப்பித்த குரல் அது. "இன்னொரு தடவை போடும்மா, மெஷின் சத்தத்துல சரியா விழல" என்கிறார், ஓடாத மெஷின்மேல் கையை வைத்துக்கொண்டு. அந்தத் தாய் மறுபடி போடுகிறாள். கேட்டு முடித்ததும் அவள் குரலும் இறங்கிவிடுகிறது. "தையக்காரங்க பாடு தெரிஞ்சவங்க போல." அவர் ஊசியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து நூல் கோக்கிறார். "தெரியாம என்ன? எம்பொண்ணு தைச்ச பொத்தான் இதுவரைக்கும் ஒண்ணுகூட அறுந்ததில்ல."